துரை படுக்கும் இடம்

கட்டிலுக்கு வெள்ளை விரிப்புதான் நல்லது. அழுக்கு தெரியாமல் இருக்கட்டும் என்று நிறையப் பேர் பூப்போட்டதாகப் பார்த்து வாங்குகிறார்கள். தெரியாவிட்டால் அழுக்கு இல்லை என்று ஆகிவிடுமா? நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெள்ளைதான் விரிக்கிறேன். வாரத்துக்கு இரண்டு முறை மாற்றுவேன். உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் என்ன தகராறு என்று நீங்கள் கேட்டீர்கள், அதனால்தான் இதைச் சொல்கிறேன். எங்கள் தகராறு அந்த விரிப்பின் மேல்தான் நடந்தது. ஒரு பூனையைப் பற்றி.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நான் ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன், பதினாறு வருஷ அனுபவம். அந்தப் பூனை ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் கிடந்ததாம். உடம்பெல்லாம் கிரீஸ், கைப்பிடி அளவுதான் இருந்தது. அதைக் குளிப்பாட்டித் துடைத்ததே நான்தான். எனக்குப் பூனை ஆகாது என்று என் நாத்தனார் உங்களிடம் சொல்லியிருந்தால் அது சரியில்லை. கூடத்தில் கூடை வைத்து, அதில் பழைய துண்டு போட்டு, நல்ல இடமாகத்தான் கொடுத்தேன். ஒரு வாரம் அதில் படுத்தது. பிறகு ஒரு நாள் அவர் தூக்கிக் கட்டிலில் விட்டார். ஒரு நாள்தானே என்றார்.

அந்த ஒரு நாள் ஏழு வருஷம் ஓடியது.

துரை என்று பெயர் வைத்தார். மேற்பார்வைக்கு வந்த அதிகாரி மாதிரி நடக்கிறதாம். முதலில் கால்மாட்டில் படுத்த துரை, பிறகு நடுவில் வந்து, கடைசியில் இரண்டு தலையணைக்கும் இடையில் நீட்டி நிமிர்ந்து படுத்து, நான்கு காலாலும் என் முதுகைத் தள்ள ஆரம்பித்தது. நான் நகர்த்தினால் அவர் உடனே விழித்துக்கொண்டு, பாவம், தூங்குது என்பார். நானும்தான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்பது அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. ஐந்தரைக்கு எழுந்து முதல் ஷிப்டுக்கு ஓட வேண்டியவள் நான். வெள்ளைக் கோட்டு முழுவதும் முடி. பூனை வீட்டில் இருப்பது போதாதென்று லேபுக்கும் அதைக் கூட்டிக்கொண்டு வருகிறீர்களா என்று மேலாளர் எல்லார் முன்னாலும் கிண்டல் செய்தார். ஒரு தடவை சாம்பிள் வைக்கும் தட்டிலேயே ஒரு முடி கிடந்தது. அன்றைக்கு எனக்கு வெட்கத்தில் உயிர் போய்விட்டது.

சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். கதவைச் சாத்தினால் துரை பிராண்டும், அவர் எழுந்து போய்த் திறந்துவிடுவார். அதுவா நானா என்று ஒரு நாள் நேராகவே கேட்டேன். நாத்தனார் வந்திருந்த நேரம். அவர் நிதானமாக யோசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "நீ வந்து பத்து வருஷம், அது வந்து ஏழு வருஷம். ரெண்டு பேருமே சீனியர். நான் யாரை அனுப்பறது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாத்தனார் தையல் வேலை செய்பவள், இரண்டு தெரு தள்ளி வீடு. விடுங்க அண்ணி, அண்ணனுக்கு அது குழந்தை மாதிரி என்றாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. குத்திக்காட்டும் எண்ணம் அவளுக்கு இருந்திருக்காது என்றுதான் இன்னும் நினைக்கிறேன். அந்த வாரம் முழுவதும் கூடத்து சோபாவில் படுத்தேன். அவர் வந்து கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். கூப்பிடவில்லை. காலையில் எழுந்து, நல்லா தூங்கினியா என்று கேட்டார். உள்ளே எட்டிப் பார்த்தால் என் தலையணையில் துரை. அந்த வாரம் நான் அழுதது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் முயற்சியும் செய்யவில்லை.

அவருக்குக் காலையில் தும்மல் வரும். லிஃப்ட் குழிக்குள் இறங்கி இறங்கி மூக்கெல்லாம் தூசி. ஆனால் நான் பூனைமுடிதான் காரணம் என்று பிடித்துக்கொண்டேன். உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சீட்டில் அலர்ஜி பரிசோதனை எழுதினார். அவருக்கு ரத்த அழுத்தம் இருந்ததால், கூடவே சிறுநீரகம், ஈரல், சர்க்கரை எல்லாவற்றுக்கும் டிக் போட்டார். வீட்டுக்கு வந்ததும் அவர் ஒரு ஒப்பந்தம் வைத்தார்.

"ரத்தம் சொன்னா கேட்டுக்கறேன். துரையைத் தங்கச்சி வீட்ல விட்டுடறேன். ஆனா இல்லன்னு வந்துச்சுன்னா, இந்தப் பேச்சை நீ எடுக்கவே கூடாது. ஒரு வார்த்தைகூட."

நியாயமான பேச்சுதான். ஒப்புக்கொண்டேன். சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார வைத்து ரத்தம் எடுத்தேன். அவருக்கு நல்ல நரம்பு. ஊசி குத்தியதே தெரியவில்லை என்று என்னைப் பாராட்டினார்.

லேபில் அன்றைக்கு நான்தான் முதல் ஆள். லேபிள் ஒட்டி வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அதுதான் முறை. எனக்குப் பொறுமை இல்லை. லேபிளைக் கையில் வைத்துக்கொண்டே அவருடைய டியூபை மெஷினில் தனியாக ஓட்டி, அலர்ஜியை மட்டும் பார்த்தேன். பூனைக்கு ஒன்றுமே இல்லை. கொஞ்சம்கூட இல்லை.

ஏழு வருஷத்து எரிச்சல் ஒரே நேரத்தில் மண்டைக்கு ஏறினால் எப்படி இருக்கும் என்று நீங்கள் யோசித்துப் பாருங்கள். இனிமேல் சாகும்வரை நான் வாயைத் திறக்கக்கூடாது. அந்தப் பூனை என் முகத்தில் உட்கார்ந்தாலும் திறக்கக்கூடாது.

எங்கள் லேபில் பார்த்து முடித்த சாம்பிளை ஒரு வாரம் ஃபிரிட்ஜில் வைத்திருப்போம். மூன்று நாளுக்கு முன்னால் ஒரு கல்லூரி ஆசிரியரின் ரத்தம் வந்திருந்தது. பூனை இருக்கும் வீட்டுப் படி ஏறினாலே மூச்சுத் திணறும் ஆசாமி. அந்த டியூபை எடுத்து, கையில் இருந்த என் கணவரின் லேபிளை அதன்மேல் ஒட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. மீதியை மெஷின் செய்தது. லேபிளைப் படித்து, டாக்டர் சீட்டில் கேட்டிருந்த அத்தனை பரிசோதனையையும் அதே ரத்தத்தில் அது செய்து முடித்துவிட்டது. எனக்கு அந்த நேரத்தில் அலர்ஜியைத் தவிர வேறு எதுவும் ஞாபகத்தில் இல்லை. ஆசிரியரின் சிறுநீரகம் நன்றாக இருந்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.1. அதாவது என் கணவருக்கு 1.1.

சாயந்திரம் வேலை முடியும்போதுதான் உறைத்தது. அவருடைய சொந்த டியூப் என் கோட்டுப் பையில் இருந்தது. எந்த ரத்தத்தையும் பார்க்காமல் கொட்டிப் பழக்கமில்லை எனக்கு. லேபிள் இல்லாமலே ஓட்டினேன். 3.8 என்று வந்தது. 1.2க்கு மேல் போகக்கூடாத எண். மெஷின் கோளாறாக இருக்கும் என்று இன்னும் இரண்டு தடவை ஓட்டினேன். மூன்று தடவையும் 3.8.

வீட்டுக்குப் போனபோது அவர் லேபிலிருந்து போனுக்கு வந்த ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, துரையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒப்பந்தத்தை மீறவில்லை. அவரே கொண்டுபோய் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வந்து, முகம் கழுவப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகவும் இருந்தது. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அசையாமல் தூங்கினேன்.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். எப்படிச் சொல்வது? டாக்டர் கையில் 1.1 இருக்கிறது. மறு வாரம் 3.8 என்றால் லேபைக் கூப்பிடுவார், சாம்பிளைத் தேடுவார்கள், அலர்ஜியையும் திரும்பப் பார்ப்பார்கள். வேலை போவதைக்கூட நான் அவ்வளவாக நினைக்கவில்லை. துரை திரும்பி வரும், இந்தத் தடவை உரிமையோடு வரும், அதைத்தான் நினைத்தேன்.

அதனால் ஒரு வழி செய்தேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நானே அவருக்கு ரத்தம் எடுத்தேன். ரிப்போர்ட்டில் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். 1.3 போட்டேன். பிறகு 1.6, பிறகு 1.9. யாருக்கும் சந்தேகம் வராமல், மெதுவாக ஏறி, ஒரு நாள் உண்மையான எண்ணைத் தொட்டுவிட்டால், டாக்டரிடம் நானே அழைத்துக்கொண்டு போவதாக இருந்தேன். நல்ல சிகிச்சையாகப் பார்ப்பதாக இருந்தேன். ஆனால் அவருடைய உடம்பு காத்திருக்கவில்லை. நான் 1.3 போட்டபோது அது 4.5. நான் 1.6 போட்டபோது 5.7. 1.9 போட்ட அன்றைக்கு 7.6. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஒருத்தி இவ்வளவு பாடுபட்டுப் படி கட்டிக்கொண்டிருக்கிறாள், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

நான் அலட்சியமாக இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. உப்பைக் குறைத்தேன். வாழைப்பழத்தை நிறுத்தினேன். சாப்பாடு சப்பென்று இருக்கிறது என்று முனகினார். பிறகு எதைத் தின்றாலும் இரும்பை நக்குகிற மாதிரி இருக்கிறது என்றார். காலையில் முகம் உப்பியிருக்கும், உடம்பெல்லாம் அரிக்கும். துரை போனதிலிருந்தே எதுவும் பிடிக்கவில்லை என்று அவரே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். நான் மறுத்துப் பேசவில்லை. ஒரு நாள் மட்டும் கேட்டார்.

"ரிப்போர்ட் எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"லேசா ஏறுது. பயப்பட ஒண்ணும் இல்லைங்க."

"நீ பார்த்தா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அடுத்த ரத்தம் எடுப்பதற்குள் ஒன்பதாவது மாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில் விழுந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போயிருக்கின்றன, இது ஒரு நாளில் வந்ததில்லை என்றார்கள். டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். இதயமும் கெட்டிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மாதம் நாத்தனார் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் துரையைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் விட்டாள். அலர்ஜியாவது மண்ணாவது அண்ணி, இன்னும் எத்தனை நாளைக்கு என்றாள். துரை மூன்று நாள் அவர் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு படுத்திருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்கு அலர்ஜின்னு வந்துச்சே. ஒரு தும்மல்கூட வரலையேம்மா?"

"உடம்பு சோர்ந்து போனா தும்மக்கூடத் தெம்பு இருக்காதுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் துரையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மிகவும் கஷ்டப்பட்டு, சுவர்ப்பக்கமாக நகர்ந்து, பூனையையும் தன்னோடு இழுத்துக்கொண்டார்.

"நீ வந்து கொஞ்சம் படு. ராவெல்லாம் முழிச்சிருக்க. உன் பக்கம் வராம நான் பிடிச்சுக்கறேன்."

நான் ஏழு வருஷமாகக் கேட்டது அது ஒன்றைத்தான். பக்கத்தில் படுத்தேன். தூக்கம் வரவில்லை. அவர் சொன்னபடியே பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அவருடைய இதயம் நின்றது. சிறுநீரகம் வடிகட்டாமல் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியதுதான் காரணம் என்று எழுதினார்கள். அதில் தவறு எதுவும் இல்லை.

பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்ட சிறுநீரக டாக்டரிடம் என் ஃபைலைக் கொடுத்திருந்தேன். அவர் எண்களை வரிசையாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். யாருக்கும் இப்படி ஒழுங்காக நேர்க்கோட்டில் ஏறாது என்றார். இவற்றையெல்லாம் பார்த்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். பிறகுதான் நீங்கள் வந்தீர்கள். பதினாறு வருஷத்தில் வேறு ஒருத்தருடைய ரிப்போர்ட்டிலும் என் கையால் ஒரு புள்ளிகூட மாறியதில்லை. வேண்டுமானால் எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள்.

டியூபை மாற்றியது நான். மூன்று தடவை எண்ணை மாற்றி எழுதியது நான். முதல் நாளிலிருந்தே அவருக்கு என்ன என்று தெரிந்த ஒரே ஆள் நான். இதையெல்லாம் மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை, எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஆனால் நான் அவரைக் கொன்றேன் என்று எழுதாதீர்கள், அது உண்மையாகாது. கொஞ்சம் நகர்ந்து படுங்கள் என்று நான் சொன்ன முதல் நாளே அவர் நகர்ந்து படுத்திருந்தால், அவருடைய ரத்தத்தை அவருடைய பெயரிலேயே படித்துச் சொல்லியிருப்பேன்.