பன்னுவுக்கு ஒரு சட்டை போதும்

— வீட்டுக்குள்ள குழந்தைக்கு எதுக்குங்க தொப்பி? கழட்டுங்க. முதல்ல இருந்து.

— மறுபடியுமா? இது மூணாவது தடவை, டிரைவரம்மா. பன்னு கொட்டாவி விடுறா, பாரு.

— நாலாவது தடவையும் பண்ணுவோம். நாளைக்கு மத்தியானம் நான் பஸ்ஸை எடுத்துட்டா, ஆறு மணி நேரம் போனைத் தொட மாட்டேன். இவளுக்கு என்ன போட்டுத் தூங்க வைக்கிறதுன்னு அப்ப என்னைக் கேக்க முடியாது.

— நான் ஏன் கேக்கப் போறேன்? தினம் முந்நூறு ரொட்டி சுடுறவன், பெத்த பொண்ணைத் தூங்க வைக்க மாட்டேனா?

— அதுதாங்க பயமே! மாவைப் பொங்க வைக்கிற மாதிரி இவளைப் பொத்தி வெச்சிருக்கீங்க. கீழ உங்க அடுப்பு எரியுது, அந்தச் சூடு அப்படியே தரை வழியா ஏறுது. நானே ஈரத்துண்டைக் கழுத்துல போட்டுட்டு நிக்கிறேன். இவளுக்கு ஸ்வெட்டராம், அதுக்கு மேல போர்வையாம்!

— குளிர்ந்துடக் கூடாதேன்னுதான்.

— இந்த வெக்கையிலயா? சரி, நர்ஸ் என்ன சொன்னாங்க, சொல்லுங்க.

— பின்கழுத்தைத் தொட்டுப் பாக்கணும். சூடா, ஈரமா இருந்தா ஒண்ணைக் கழட்டணும். கை கால் சில்லுன்னு இருந்தா பயப்படக் கூடாது. எப்படி ஒப்பிக்கிறேன், பாத்தியா?

— ஒப்பிச்சா போதாது. தொட்டுப் பாருங்க. எப்படி இருக்கு?

— நல்லா இருக்கா.

— அவளைக் கேக்கல. கழுத்து எப்படி இருக்கு?

— ம்... லேசா குளிர்ந்திருக்கோ என்னவோ. அந்தப் போர்வையை எடுத்துப் போத்து.

— குளிர்ந்திருக்கா! முடியெல்லாம் வேர்வையில ஒட்டிக் கிடக்கு, விளையாடுறீங்களா? போன வாரமும் இப்படித்தான். நான் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள முகமெல்லாம் செவந்து, தொண்டை கட்டுற அளவுக்குக் கத்திட்டிருந்தா.

— அட, விடு. கழட்டிடறேன்.

— நான் சொல்லிக் கழட்டுறதுல என்ன இருக்கு? எப்பக் கழட்டணும்னு உங்களுக்குத் தெரியணும். இன்னொரு தடவை கையை வைங்க. ஏன் பின்னால இழுக்குறீங்க? கொண்டாங்க இங்க... இது என்ன?

— எது?

— உள்ளங்கையில. இவ்வளவு பெரிய கொப்புளம்!

— ஓ. காலையில அடுப்புத் தட்டு பட்டிருக்கும்.

— பட்டிருக்குமா? வலிக்கலையா உங்களுக்கு?

— மெதுவா பேசு, பன்னு மிரளுறா.

— எத்தனை நாளா இப்படி?

— ரெண்டு வருஷம் இருக்கும். வெறுங்கையாலயே தட்டைப் பிடிச்சுப் பிடிச்சு மரத்துப் போச்சு. சூடும் தெரியல, குளிரும் தெரியல.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?

— சொன்னா நீ நாளைக்கு வண்டி எடுப்பியா? அந்த சீட்ல உக்கார எத்தனை பேர்கிட்ட மல்லுக்கு நின்னே! என் கையால அது கெட்டுப் போகக் கூடாது. எப்படியாவது சமாளிச்சுடலாம்னு பாத்தேன்.

— பொய் சொல்லியா? வர்ற கோவத்துக்கு உங்களை... நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம். வாயைத் திறக்காம வர்றீங்க. மத்தியானம் நான் வண்டி எடுக்கத்தான் போறேன்.

— அப்ப பன்னு?

— உங்ககிட்டதான் இருப்பா. கைதானே மரத்துப் போச்சு, மூஞ்சி நல்லாத்தானே இருக்கு? குனியுங்க. பின்கழுத்துல கன்னத்தை வைங்க.

— தாடி குத்துமே. அதுக்குப் பயந்துதான் முத்தம்கூடக் குடுக்காம இருக்கேன்.

— குத்தட்டும். வைங்க.

— ம்...

— சொல்லுங்க.

— சூடு. ஆமா, நல்ல சூடு. ஈரமாவும் இருக்கு. ஸ்வெட்டரைக் கழட்டு. உள்ள இருக்கிற காட்டன் சட்டை போதும்.

— அப்பாடா! இதைத்தானே காலையிலேர்ந்து கேக்குறேன். இந்தாங்க, கழட்டியாச்சு. அதான் தெரிஞ்சுடுச்சுல்ல, நிமிருங்க. தொட்டில்ல போடலாம்.

— இரு. நாலு மாசமா தினம் தூக்குறேன். இவ இவ்வளவு மெத்துன்னு இருப்பான்னு இப்பத்தான் தெரியுது.