கலங்கின தண்ணிக்குப் பித்தளை

ஒண்டிக்கடை நிறுத்தத்தில் சேலம் பஸ் கிளம்பக் காத்திருந்தபோது, எஸ்டேட்டில் ரைட்டராக இருந்த முன் சீட்டுப் பெரியவர், பக்கத்திலிருந்த மளிகைக்கடை பாயிடம் சொன்னார்:

"சால்மன் மீனுக்குக் கலங்கின தண்ணியில பித்தளைத் தகடுதானுங்க தூண்டில்ல கட்டோணும். தெளிஞ்ச தண்ணின்னா வெள்ளி."

"ஏனுங்க ரைட்டரய்யா, நீங்க நம்ம ஏரிப் பக்கமே போக மாட்டீங்களே?"

"கனடாவுல இருக்கற எம்பையன் சொன்னதுங்க. அவங்கம்மா செத்ததுக்கும் அவன் வரலீங்க. ஊட்டுக்கு எப்ப வர்றே சாமின்னு கேட்டா போனை வச்சுருவான். மீனைப் பத்திக் கேட்டா மட்டும் நொம்ப நேரம் பேசுவான். அதனால, செம்பு நல்லதா, ஈயம் எத்தனை கனம்னு வாராவாரம் யோசிச்சு வச்சுக் கேப்பனுங்க. அவன் குரலைக் கேக்கோணுமில்லீங்க."

"பேசறானே, அதுவே போதும்ங்க."

"போன ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போயிட்டு வந்து, செம்புத் தகடு கறுத்துப் போனா மீன் கடிக்குமான்னு கேட்டனுங்க. தூண்டிலையெல்லாம் குடுத்துட்டேம்ப்பா, இப்ப மீன் புடிக்கப் போறதில்லேன்னான். அப்புறம் போனை அவனே வச்சுட்டான்."

பஸ் கிளம்பியது.

"இந்த ஞாயித்துக்கெழம நான் என்னத்தைங்க கேக்கறது?" என்றார் பெரியவர்.