வலப்பக்கம் திருப்பினால்

உங்கள் அறையில் நல்ல காற்றோட்டம், டாக்டர். மாமனார் சொன்னபோது நான் நம்பவில்லை. ஆஸ்பத்திரி அறை என்றால் மூச்சு முட்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

வீட்டில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, அவருக்கு இந்த வலது, இடது குழப்பம் எப்போது தொடங்கியது என்று கேட்கிறீர்களாம். கண்ணாடி மாற்றியதிலிருந்து என்று என் மனைவி சொல்லியிருப்பாள். கல்யாணமான நாளிலிருந்தே என்று மாமியார் சொல்லியிருப்பார். சரியான பதில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. இங்கே பேசுவது வெளியே போகாது என்று நர்ஸும் சொன்னார். நான் லிஃப்ட் பரிசோதகன். மேலே போகிற பெட்டி ஒழுங்காகக் கீழே வருமா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. தொழில்நுட்பமான கேள்வி என்று வந்துவிட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது.

மாமனாரிடம் ஒரு பழைய கார் இருந்தது. உருண்டை விளக்கு, வளைந்த முதுகு. தெருவில் போனால் நடக்கிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஸ்டீயரிங் மட்டும் சொன்னபேச்சு கேட்காது. அரைச் சுற்று சுற்றிய பிறகுதான் சக்கரத்துக்குத் தகவல் போகும். நின்ற இடத்தில் திருப்புவதென்றால் கிணறு இறைக்கிற பாடு. மாமனாருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டதும் வண்டி ஷெட்டில் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது.

"ஏதாவது பண்ணுங்க மாப்பிள்ளை," என்றார் என்னிடம். "ஒத்த விரல்ல திரும்பணும். ஆனா கையைக் கடிக்கக் கூடாது."

கையைக் கடிக்காத வழி ஒன்று இருந்தது. இந்தக் காலத்துச் சின்னக் கார்களில் ராக் அண்ட் பினியன் என்று வருமே, பல் வெட்டிய ஒரு நீளக் கம்பியும் அதை இடம் வலமாகத் தள்ளுகிற குட்டிப் பல்சக்கரமும், அதைப் பழைய காருக்கு மாட்டுவது. இதற்கென்றே புதிதாக விற்கிற சாமான் யானை விலை. நான் பழைய இரும்புக் கடையில் நொறுங்கிக் கிடந்த ஒரு சின்னக் காரிலிருந்து கழற்றி வந்தேன். அதைத் தாங்குவதற்குப் பட்டை வெட்டி, வெல்டரிடம் கொடுத்துப் பற்றவைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்தக் காருக்கு அடியில் போயின. என் மூக்கில் எண்ணெய் சொட்டாத வாரம் இல்லை. "வண்டிக்குக் கீழ இன்னொரு குடும்பமா நடத்துறீங்க?" என்று மனைவி கேட்டாள். உண்மையில் அங்கே எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

எல்லாம் மாட்டி முடித்து, காரை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பினேன். லேசாக, வெண்ணெய் மாதிரி திரும்பியது. சக்கரங்கள் இரண்டும் இடப்பக்கம் பார்த்தன.

சிரித்துவிட்டேன். அந்த ராக் அச்சுக்குப் பின்னால் இருக்க வேண்டியது. நான் முன்னால் மாட்டியிருந்தேன். அதனால் எல்லாம் தலைகீழ். கழற்றிப் புரட்டி மாட்டினால் சரியாகிவிடும், ஒரு பிற்பகல் வேலை. மறுபடி மல்லாந்து படுத்து ஸ்பானரை எடுத்தேன்.

ஷெட்டின் ஜன்னல் முன்னறையை ஒட்டி இருக்கிறது. உள்ளே மாமனாரும் என் சகலையும் பேசிக்கொண்டிருந்தார்கள். சகலை மூத்த மருமகன், பல் டாக்டர்.

"சின்ன மாப்பிள்ளை வேலைய முடிக்கட்டும். முடிஞ்சதும் வண்டிய நீங்க எடுத்துக்குங்க. உங்க கிளினிக் வாசல்ல நின்னா ஒரு கௌரவமா இருக்கும்."

"அவர் வருத்தப்பட மாட்டாரா மாமா?"

"அவருக்கு ரிப்பேர் பண்றதுதான் பிடிக்கும். வண்டி எதுக்கு அவருக்கு?"

எனக்குக் கோபம் வரவில்லை, டாக்டர். ஸ்பானரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். எதையும் தளர்த்தவில்லை, எதையும் அறுக்கவில்லை. ஒவ்வொரு போல்ட்டையும் இன்னொரு முறை முறுக்கிப் பார்த்தேன். அந்தக் கார் எந்தப் பக்கம் போனாலும் உறுதியாகப் போகும்.

பிறகு ஆளில்லாத ஒரு மைதானத்தில் ஓட்டிப் பழகினேன். நினைப்பது போல் கஷ்டம் இல்லை. ஸ்டீயரிங்கின் மேல்பக்கத்தை விட்டுவிட்டு அடிப்பக்கத்தைப் பிடித்தால் போதும். கை போகிற பக்கமே வண்டி போகும். பழகிய ஜோரில் ஒருநாள் என் ஸ்கூட்டரைக் கொண்டுபோய் எதிர்வீட்டு மதிலில் விட்டேன். நாய் குறுக்கே வந்தது என்றேன். அந்தத் தெருவில் ஏது நாய் என்றாள் மனைவி. மற்றபடி ஒரு குறையும் இல்லை. மாமனாரைப் பக்கத்தில் உட்கார்த்தி ஊரைச் சுற்றி வந்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார், என் கையைப் பார்க்கவில்லை. குழந்தை மாதிரி சிரித்தார்.

என் திட்டம் நியாயமானது. சகலை சாவியை வாங்குவார், இரண்டடி நகர்வார், வெலவெலத்துப்போய் இந்த வண்டியே வேண்டாம் என்பார். கேட்டின் ஓரம் சற்று நசுங்கலாம். அதை நான் எதிர்பார்த்திருந்தேன்.

சாவி கை மாறுகிற அன்று குடும்பமே வாசலில் நின்றது. சகலை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாவிக்குக் கையை நீட்டினார். மாமனார் சாவியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு ரவுண்டு. நான் போயிட்டு வந்து தரேன்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம் என்பீர்கள். யோசித்தேன். சொன்னால், உனக்கு எப்போது தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். ஆகவே கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவிட்டேன். பாதுகாப்புக்கு என்னால் ஆனது அது.

நேராகத்தான் வெளியே வந்தார். வலப்பக்கம் திருப்பினார். கார் இடப்பக்கம் போனது. அங்கே சகலையின் புதுக் கார் பளபளவென்று நின்றது. அதை விட்டு விலக இன்னும் அதிகமாக வலப்பக்கம் திருப்பினார். நன்றாக ஓட்டத் தெரிந்த மனிதர் என்பதுதான் சிக்கல்; தப்பாகத் திருப்பியிருந்தால் தப்பித்திருப்பார். புதுக் காரின் விலாவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உரசிக்கொண்டு போய், பக்கத்து வீட்டுச் செடிகளுக்குள் நின்றார். இரண்டு காருக்கும் நடுவில் நின்ற சகலை ஒதுங்கிய வேகத்தை அவருடைய நோயாளிகள் பார்த்திருக்க வேண்டும். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

மாமனார் இறங்கித் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"நான் வலது பக்கம்தாம்மா திருப்பினேன்," என்றார் என் மனைவியிடம்.

"இல்லப்பா. வண்டி இடது பக்கம்தானே போச்சு."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீங்கள் கேட்ட நேரம் அதுதான், டாக்டர். அப்போதுதான் தொடங்கியது.

நான் ஆறுதல் சொன்னேன். வயதானால் எல்லோருக்கும் வருவதுதான் மாமா என்றேன். தனக்கு அந்த ராசியில்லாத வண்டி வேண்டாம் என்று சகலை சொல்லிவிட்டார். சாவி என்னிடம் வந்தது. நசுங்கலை நானே நிமிர்த்தினேன், வெளி மெக்கானிக் யாரையும் தொடவிடவில்லை. ஸ்டீயரிங்கை ஏன் இன்னும் திருத்தவில்லை என்று பார்க்கிறீர்கள். திருத்தினால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாமே.

அதன் பிறகு அவர் எதையும் நம்புவதில்லை. குழாயைத் திறக்குமுன் எந்தப் பக்கம் என்று கேட்கிறார். மனைவி அவருடைய வலது செருப்பில் சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறாள். சகலை தினமும் கிளினிக்கை மூடிவிட்டு வந்து அவர் கையைப் பிடித்து நடக்கக் கூட்டிப்போகிறார், நல்ல மனிதர். நீங்கள் வலது கையைத் தூக்கச் சொன்னதற்கு அவர் இடது கையைத் தூக்கினாராம். அதற்கு நான் பொறுப்பல்ல. ஸ்டீயரிங்கால் அப்படியெல்லாம் செய்ய முடியாது.

போன வாரம் ஷெட்டுக்கு வந்தார். சும்மா ஒரு தரம் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார். உட்கார்ந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மெதுவாக ஸ்டீயரிங்கைத் திருப்பினார். எட்டி முன்சக்கரத்தைப் பார்த்தார். மறுபடி திருப்பினார். மறுபடி பார்த்தார். பிறகு என் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

"என்ன மாமா?"

"வலது பக்கம் திருப்பினா சக்கரம் இடது பக்கம் போற மாதிரி தெரியுது மாப்பிள்ளை." கண் கலங்கிவிட்டது. "ரொம்ப முத்திடுச்சு போலிருக்கு."

"ஆமா மாமா," என்றேன். கைத்தாங்கலாக இறக்கிவிட்டேன்.

நான் இரக்கமில்லாதவன் அல்ல, டாக்டர். நீங்கள் கொடுக்கிற மாத்திரையில் அவர் சாப்பாட்டுத் தட்டிலேயே தூங்கிவிடுகிறார். பார்க்கப் பாவமாக இருக்கிறது. அளவைக் கொஞ்சம் குறையுங்கள் என்று கேட்கத்தான் வந்தேன். அடியோடு நிறுத்திவிட வேண்டாம். தெளிந்துவிட்டாரென்றால் காரைத் திரும்பக் கேட்பார்.