வரப்பின் மேல் ஒரு கோடு

— கைய எடுங்கய்யா. சைக்கிள் என்னோடது.

— சைக்கிள் ஒன்னோடதுதான், யாரு இல்லேங்கறா. வரப்பு என்னோடது. போன்ல என் வயலுக்குக் குறுக்கால ஒரு கோடு போட்டு வச்சிருக்கீங்கள்ல, அத அழி. அழிச்சிட்டு எடுத்துக்கிட்டுப் போ.

— எடுத்துக்கிட்டு எங்க போறது? ரெண்டு சக்கரத்துலயும் காத்து இல்ல. கருவ முள்ளு. வரப்பு நெடுக யாரோ பரப்பி வச்சிருக்காங்க.

— யாரோ இல்ல, நாந்தான். பெரியசாமி. விடியறதுக்கு முந்தி வெட்டியாந்து போட்டேன். வேணும்னா பேர எழுதிக்க.

— நான் எதுக்கு எழுதிக்கறேன். என் பேரு சத்யப்பிரியா. ஜெயங்கொண்டத்துல மருந்துக் கடை வச்சிருக்கேன். ஞாயித்துக்கெழமையில கங்கைகொண்டசோழபுரம் வரைக்கும் மிதிச்சிட்டு வருவோம். எனக்குப் பின்னால எட்டுப் பேரு வராங்க. எல்லாரும் பஞ்சராயி உங்க வயல்லயே உக்காந்துட்டா என்ன பண்ணுவீங்க?

— உக்காரட்டும். களை பறிக்கச் சொல்றேன்.

— சரி. அவங்கள மீன்சுருட்டி ரோட்டுலயே நிக்கச் சொல்லி அனுப்பிட்டேன். நான் இத ஒட்டிட்டுத்தான் கெளம்ப முடியும். அது வரைக்கும் நீங்க திட்டிக்கிட்டு இருங்க, நான் கேட்டுக்கறேன்.

— வாயப் பாரு. ஏம்மா, அங்க போயி என்ன பண்றீங்க? கோயிலுக்கா?

— கோயிலுக்கு உள்ள போறவங்க போவாங்க. நாங்க வெளிய டீ குடிச்சிட்டுத் திரும்பிருவோம்.

— ஜெயங்கொண்டத்துல டீ இல்லியா?

— இருக்கு. பதினாறு கிலோமீட்டர் மிதிச்சிட்டுக் குடிச்சா அது வேற டீ.

— கைப்புடியில மாட்டியிருக்கியே, கேமராதான அது? நான் பாக்காத கேமராவா.

— கேமரா இல்லீங்க, மீட்டரு. எவ்ளோ தூரம், எவ்ளோ வேகம், எந்தப் பக்கம் திரும்பணும், எல்லாம் காட்டும். இந்தாங்க, நல்லா பாத்துக்குங்க.

— கையில கட்டியிருக்கறது?

— அது நெஞ்சு எத்தன தடவ துடிக்குதுன்னு எண்ணும்.

— ஒன் நெஞ்சு துடிக்கறது ஒனக்கே தெரியாதா? அதுக்கு ஒரு ஆளு வேணுமா?

— உங்களப் பாத்ததும் நூத்தி நாப்பதுக்குப் போயிருச்சு. எனக்கே தெரிஞ்சுச்சு, ஆனா கணக்கு அதுக்குத்தான் தெரியும்.

— டியூப அப்படி இழுக்காத, கிழிஞ்சிரும். வாய்க்கால்ல தண்ணி ஓடுது பாரு, அதுல முக்கு. குமிழி வர்ற எடத்துல வெரல வச்சுக்க.

— தெரியும்ங்க.

— தெரிஞ்சா ஏன் காதுகிட்ட வச்சுக் கேக்கற? முக்கு.

— முக்கிட்டேன். மூணு ஓட்ட. நல்லா வேல பாத்திருக்கீங்க. இப்ப சொல்லுங்க, போன்ல ஒரு கோடு இருந்தா உங்களுக்கு என்னாவுது?

— என்னாவுதா? பால் சொசைட்டியில வச்சு எங்க ஊருப் பையன் குருமூர்த்தி அவன் போன்ல காட்டுனான். "மாமா, உன் வயலு நடுவுல ரோடு போவுது பாரு"ன்னு சிரிக்கறான். ஆரஞ்சுக் கலருல கோடு. என் மோட்டார் கொட்டாய உரசிக்கிட்டு, கத்திரிச் செடிக்கும் கடலைக்கும் நடுவால போவுது. எனக்குச் சிரிப்பு வரல. எங்க சின்னம்மா ஊருல இப்படித்தான் நாலு பேரு சங்கிலியக் கொண்டாந்து புடிச்சான். சும்மா அளந்து பாக்கறோம், நீங்க பாட்டுக்கு நடவு நடுங்கன்னான். தாள்ல ஒரு கோட்டப் போட்டுக்கிட்டுப் போனான். மறு வருசம் வெள்ளக் கல்லு நட்டான். அதுக்கு மறு வருசம் கடுதாசி வந்துச்சு. சித்தப்பன் சாவற வரைக்கும் ஆபீசுக்கு நடந்தாரு. கடைசியில கோட்டுக்கு இந்தப் பக்கம் கெடச்சது மாட்டக் கட்டத்தான் காணும்.

— இது அந்தக் கோடு இல்லீங்கய்யா. இத வச்சு யாரும் நெலத்த எடுக்க முடியாது.

— அப்படித்தான் அன்னிக்கும் சொன்னான். ஒன்ன மாதிரியே நல்லா பேசுவான்.

— இத யாரும் வரையலைங்க. சைக்கிள் ஓட்டறவங்களுக்குன்னு போன்ல ஒரு ஆப் இருக்கு. ஒருத்தர் போன சட்டப் பையில போட்டுக்கிட்டு சைக்கிள்ல போனா, அவரு போன தடம் தானா கோடா வுழும். அந்த ஆப் வச்சிருக்கற எல்லாரும் அந்தக் கோட்டப் பாக்கலாம். நாங்க பழைய வழியில மெயின் ரோட்டுல போவோம். சிமிண்டு லாரி, கரும்பு டிராக்டரு, உசுரக் கையில புடிச்சுக்கிட்டுப் போவணும். முந்திரித் தோப்பு வழியா யாரோ போயிருக்காங்களே, லாரியே இல்லியேன்னு இதப் புடிச்சுக்கிட்டோம். அவ்ளோதான்.

— அப்ப மொதல்ல போனவன்னு ஒருத்தன் இருக்கான்.

— இருக்கணும்.

— அவன் யாருன்னு எனக்குத் தெரியும். பக்கத்து வயக்காரன் தர்மன். ஒவ்வொரு ஒழவுக்கும் அவன் பக்கத்துலேர்ந்து என் வரப்ப ரெண்டு வெரல் அகலம் செதுக்குவான். நாலடி வரப்பு இன்னிக்கு மூணடி. கேட்டா மழையில கரைஞ்சிருச்சும்பான். மழைக்கு என் பக்கம் கரையத் தெரியாதா? இப்ப மம்பட்டி வேணாம்னு போன எடுத்திருக்கான். அவன் மருமவன் சைக்கிள் வச்சிருக்கான், நானே பாத்திருக்கேன்.

— பாத்தீங்களா, அவரு இந்த வரப்புல ஓட்டி?

— ஓட்டிப் பாக்கல. ஆனா அவன்தான். மனுவே எழுதியாச்சு. நாளைக்குத் திங்கக்கெழம, அரியலூரு கலெக்டரு ஆபீசுல குடுக்கப் போறேன். இந்தா, நீ படிச்சவதான. எழுதுனவன் சரியா எழுதியிருக்கானா பாரு. நான் ரெண்டாவதோட நின்னவன், அவன் என்னத்த எழுதிக் குடுத்தானோ.

— "எனக்குச் சொந்தமான புஞ்சை நிலத்தின் குறுக்கே, பக்கத்து நிலத்துக்காரர் தர்மன் என்பவர், கைப்பேசி மூலம் கள்ளத்தனமாகப் பாதை அமைத்து, வெளியூர் ஆட்களை சைக்கிளில் அனுப்பி, நிலத்தை அபகரிக்கும் நோக்கத்துடன்..." ஐயா, இத அப்படியே குடுக்கப் போறீங்களா?

— ஏன், தப்பா இருக்கா?

— தமிழ் நல்லாத்தான் இருக்கு. ஆனா தர்மன்தான்னு உங்களுக்கு உறுதியாத் தெரியாது. நாளைக்கு அவரு இல்லேன்னு ஆயிருச்சுன்னா உங்க மேல திரும்பிரும். அப்பறம், பட்டா நகல் ஒண்ணு சேக்கணும்ங்க. எடுத்து வச்சிருக்கீங்களா?

— அதெல்லாம் பொட்டியில பத்திரமா இருக்கு. நீ அத வுடு. மொதல்ல போனவன் பேரு அந்தப் போன்ல இருக்குமா இருக்காதா?

— பாத்தாத் தெரியும். நான் பேரப் பாத்துச் சொல்றேன், நீங்க அந்த முள்ள அள்ளிருங்க. எட்டுப் பேரு வெயில்ல நிக்கறாங்க.

— மொதல்ல பேரு.

— விடாக்கண்டன்தான் நீங்க. இருங்க, கையெல்லாம் சொலூசன். தொடச்சுக்கறேன். ம், வந்துருச்சு. இந்த வரப்புல மொத மொதல்ல ஓட்டுனது நாலு மாசத்துக்கு முந்தி. ஒரு செவ்வாக்கெழம, காலையில ஆறு மணி.

— செவ்வாக்கெழம நான் ஊருல இருக்க மாட்டேன். செவ்வாயும் வெள்ளியும் கத்திரிக்காய வண்டியில போட்டுக்கிட்டு ஜெயங்கொண்டம் போயிருவேன். நான் இல்லாத நேரமாப் பாத்து வந்திருக்கான் பாத்தியா. அடுத்த தடவ என்னிக்கு?

— வெள்ளிக்கெழம.

— அதுக்கு அடுத்து?

— செவ்வா. இப்படியே முப்பத்தோரு தடவ வந்திருக்கு. ஒரு தடவைக்குப் பதினாலு கிலோமீட்டர். எல்லாத்தையும் கூட்டுனா நானூத்தி முப்பத்து நாலு.

— மெட்ராஸ் போயி பாதிக்கு மேல திரும்பியே வந்திருப்பான் அந்தக் களவாணி.

— களவாணியா இருந்தாலும் ஆளு கெட்டி. மொத நாளு வேகம் எட்டுத்தான். நாலு எடத்துல நின்னு நின்னு போயிருக்கு. உங்க மோட்டார் கொட்டாய்கிட்ட பத்து நிமிசம். மூச்சு வாங்கியிருக்கும். போன வெள்ளிக்கெழம வேகம் பதினாலு. எங்கயும் நிக்கல. என்கூட வர்றவங்கள்லயே ரெண்டு பேருக்கு இது முடியாது.

— அவனப் புகழ்ந்து முடிச்சிட்டீன்னா பேரச் சொல்லு.

— ஆளு மூஞ்சி இல்லீங்க. போட்டோவுல சைக்கிள்தான் நிக்குது. நீலக் கலரு. கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்குக் குடுப்பாங்களே, அந்த சைக்கிள்.

— பேரு, பேரு.

— பூங்குழலி பெரியசாமி.

— இன்னொரு தடவ படி.

— பூங்குழலி பெரியசாமி. பெரியசாமின்னா உங்க பேருதானங்கய்யா?

— என் மவ.

— உங்க மவளா? அப்ப எதுக்கு இம்மாம் முள்ளு? கூப்புட்டுக் கேட்டா முடிஞ்சு போச்சு.

— அவ இங்க இல்லம்மா. திருப்பூருல வாக்கப்பட்டிருக்கா. பொங்கலுக்கு வந்துட்டுப் போனவ, அப்பறம் ஊருப் பக்கமே வரல. அவ எப்படி வாரத்துக்கு ரெண்டு தடவ என் வரப்புல ஓட்டுவா? பாத்தியா, அந்தத் தர்மன் என் மவ பேருலயே களவாண்டிருக்கான்.

— ஐயா, கொஞ்சம் நிதானமா. நீலச் சைக்கிள் யாரோடது?

— பாப்பாது. பதினொண்ணாவது படிக்கையில குடுத்தாங்க. வூட்டுல பரண்மேல கெடக்கு.

— பொங்கலுக்கு வந்தப்ப உங்க மவ பழைய போன் எதையாவது வுட்டுட்டுப் போனாங்களா?

— வுட்டுட்டுப் போனா. அவ ஆத்தாகிட்ட. மூஞ்சி பாத்துப் பேசறதுக்குன்னு.

— அவ்ளோதாங்கய்யா. போன் அவங்க பேருலயே இருக்கும். ஓட்டுறது வேற ஆளா இருக்கும்.

— வேற ஆளுன்னா? வூட்டுல இருக்கறது நானும் அவளும் ஒரு மாடும். நான் ஓட்டல. மாடும் ஓட்டியிருக்காது.

— நீங்களே சொல்லிட்டீங்க.

— இந்தா, என் போனு. ரெண்டாம் நம்பர அமுக்கிப் புடிச்சா அவளுக்குப் போவும். என் கையில முள்ளு. சத்தமாக் கேக்கற மாதிரி வையி.

— வச்சிட்டேன். பேசுங்க.

— ஏ ராசாத்தி.

— என்னங்க? பாலு கூடக் கறக்காம விடியறதுக்கு முந்தியே எங்க போனீங்க? நான்தான் கறந்து ஊத்துனேன்.

— வயல்ல நிக்கறேன். பரண்மேல பாப்பா சைக்கிள் கெடந்துச்சே, கெடக்கா?

— இல்ல.

— எங்க?

— வாசல்ல நிக்குது. காத்தடிச்சுக்கிட்டு இருக்கேன்.

— அப்ப நாலு மாசமா என் வரப்புல ஓட்டுனது நீதான்?

— ஆமா.

— ஒனக்கு வயசு அறுவது ஆவுது.

— அறுவத்தொண்ணு.

— எதுக்குடி?

— ஓட்டணும்னு இருந்துச்சு, ஓட்டுனேன். நீங்க கத்திரிக்காய ஏத்திக்கிட்டுப் போனப்பறம் நான் வூட்டுல என்ன பண்றேன்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா? மொத வாரம் முந்திரித் தோப்புல ரெண்டு தடவ வுழுந்தேன். இப்ப கங்கைகொண்டசோழபுரம் போயி டீ குடிச்சிட்டு, நீங்க வர்றதுக்குள்ள சோறாக்கிருவேன்.

— நீயும் டீயா? சரி, ஓட்டுனது ஓட்டுன. போன எதுக்குக் கொண்டு போன? கோட்ட எதுக்கு ஊரு ஒலகத்துக்கெல்லாம் காட்டுன?

— அவ்ளோ தூரம் போனேன்னு நான் வாயால சொன்னா நீங்க நம்புவீங்களா? கடையில உப்பு வாங்கியாந்தாலே எடை போட்டுப் பாக்கற ஆளு. அதான் பாப்பா இதப் போட்டுக் குடுத்துச்சு. ஒவ்வொரு தடவையும் திருப்பூருல இருந்துக்கிட்டே பாத்துட்டு, கை தட்டற பொம்மைய அனுப்பிவுடுது. இன்னும் மூணு வாரம் போனா ஆயிரம் கிலோமீட்டருக்குப் பாதி ஆவும், அப்ப உங்ககிட்டக் காட்டலாம்னு இருந்தேன்.

— ஒன்னோட நிக்கலடி அது. அந்தக் கோட்டப் புடிச்சுக்கிட்டு ஜெயங்கொண்டத்துலேர்ந்து ஒம்பது பேரு வராங்க. ஒரு பொண்ணு இங்க உக்காந்து டியூப் ஒட்டிக்கிட்டு இருக்கு. இன்னிக்கு ஒம்பது, நாளைக்குத் தொண்ணூறு. வரப்பு என்னத்துக்கு ஆவும்?

— அவங்க வர ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆவுது. அதுலேர்ந்து தர்மன் வரப்புல மம்பட்டிய வச்சானா, சொல்லுங்க. போற வர்றவங்க பாத்துக்கிட்டே இருந்தா எவன் செதுக்குவான்?

— அது... அது வேற. எவனையும் நம்ப முடியாது. நீயே போட்டிருந்தாலும் சரி, கோடு போயாவணும். தர்மன் பேர அடிச்சிட்டு மனுவ நாளைக்குக் குடுக்கறதுதான். இது என் நெலம், என் நெலத்துல எவனும் போவக்கூடாதுன்னு கலெக்டருகிட்டயே சொல்றேன்.

— மனுவுல யாரு நெலம்னு எழுதியிருக்கு?

— எனக்குச் சொந்தமான புஞ்சைன்னு எழுதியிருக்கு. இந்தப் பொண்ணு இப்பத்தான் படிச்சுது.

— உங்க அண்ணனையும் நம்பாம, பங்குக்கு வந்துருவாருன்னு பயந்து, நீங்களே என்னக் கூட்டிக்கிட்டுப் போயி என் பேருல பட்டா வாங்குன நெலம் அது. எட்டுப் பேரையும் வரச் சொல்லுங்க, நான் கெளம்பிட்டேன், வர்றதுக்குள்ள என் வரப்புல கெடக்கற முள்ள அள்ளிருங்க.