மார்கழியில் வராதீங்கப்பா

சந்தேகம்னு பேச்சு வந்துருச்சு... ஒரு குட்டிக் கதை சொல்லாம மேல போக எனக்கு மனசு வரலை. காதைக் கொடுங்க.

கோவில்பட்டியில செண்பகமூர்த்தின்னு ஒருத்தர். ஒரே மக தமயந்தி. அப்பன் பேச்சை மீறி, மட்டக்களப்புப் பையனைக் கட்டிக்கிட்டு இலங்கைக்கே போயிட்டா. நாலு வருஷமா மக முகத்தைப் பார்க்கலை. பேரன் பிறந்ததும் மனுஷன் இளகிட்டார். போன் போட்டார்.

"மார்கழியில வரேன் தாயி."

"மார்கழி வேண்டாம்ப்பா, இங்க மழையா ஊத்தும். ஆனியில வாங்க."

கொழும்புல இருக்கிற சிநேகிதனைக் கேட்டார். அவன் சொல்றான்... "ஆனியிலயா? மழையில மாட்டிக்குவய்யா! மார்கழியில வா, வானம் பளிச்சுனு இருக்கும்."

நம்ம தமிழ்நாட்டுல பாதிதான் அந்த நாடு. அதுல ரெண்டு பேர் ரெண்டு மாசம் சொன்னா... ஒருத்தர் பொய்தானே? யாரு? சொல்லுங்க!

"எம்மக பொய் சொல்ல மாட்டா. அந்த மட்டக்களப்புப் பயதான் சொல்ல வச்சிருக்கான். என்னத்தை மறைக்கிறான்? எம்மகளை அடிக்கிறானோ?" சோறு இறங்கலை அவருக்கு.

சொல்லாம கொள்ளாம மார்கழியில கிளம்பிட்டார். கொழும்புல இறங்கினா... சுள்ளுனு வெயில்! "பார்த்தியா, பொய்!" பல்லைக் கடிச்சுக்கிட்டு மட்டக்களப்புக்கு பஸ் ஏறினார். கிழக்கே போகப் போக வானம் இருட்டுது. மழைன்னா மழை... அப்படி ஒரு மழை. ஊருக்கு அஞ்சு மைல் இருக்கு, ரோட்டையே காணோம். பஸ் நின்னுருச்சு. வேற வழியில்லாம மகளுக்குப் போன் போட்டார்.

ஒரு மணி நேரம் கழிச்சு வெள்ளத்துல ஒரு டிராக்டர் வருது. ஓட்டுறது யாரு? மருமகன்! தொப்பலா நனைஞ்சவன், குடையை மாமனாருக்கு நீட்டுறான். "ஆனியில வந்திருந்தா வாசல்லயே இறங்கியிருப்பீங்கள் மாமா..." மாமனாரை வெட்கம் பிடுங்கித் தின்னுது.

வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. கட்டில் மேல பேரனை மடியில வச்சுக்கிட்டு மக உட்கார்ந்திருக்கா. அப்பனைப் பார்த்ததும் உடைஞ்சுட்டா. "வரவே வராதீங்கன்னா சொன்னேன்? நாலு வருஷம் கழிச்சு வர்றீங்க... உங்களை உட்கார வைக்க ஒரு காய்ஞ்ச இடமாவது வேணும்னுதானேப்பா சொன்னேன்!"

அந்த நாட்டுல மார்கழியில மேக்கே கொழும்பு காயும்போது கிழக்கே மட்டக்களப்புல கொட்டும். ஆனியில அப்படியே தலைகீழ். ரெண்டு பேரும் சொன்னது நிஜம்தான்யா!

சிரிக்காதீங்க. உங்க மகளும் "இப்ப வராதீங்க"ன்னு ஒரு நாள் சொல்லியிருப்பா. நீங்களும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பீங்க. கொழும்புல வெயிலடிக்குதான்னு விசாரிச்சீங்களே... மக வீட்டுக்குள்ள எம்புட்டுத் தண்ணின்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?