வெள்ளிக்கிழமைச் சரக்கு

...என் ஆசிட் தொட்டிய மட்டும் குத்தம் சொல்லாதீங்க மிஸ்யே! உக்காருங்க, மொதல்ல சாப்பிடுங்க. வாட்ச் கம்பெனிலேர்ந்து மலையேறி இந்த அல்சீட்டோட பட்டறைக்கு வந்துட்டு, வெறும் வயித்தோட திட்டினா ஒட்டாது.

என்ன சொல்றாங்க உங்காளுங்க? நான் பாலிஷ் போட்டு அனுப்பற குட்டி ஸ்பிரிங்கெல்லாம் படக்கு படக்குன்னு உடையுதாம். இன்னொரு பெட்டி உடைஞ்சா வேலைய அடுத்த ஊர்க்காரனுக்குக் குடுத்துருவீங்களாம்! அப்புறம் நான் கடையப் பூட்டிட்டு மாடு மேய்க்கறதா? அவன் இன்னும் சக்கரத்துல வச்சுத் தேச்சுக்கிட்டிருக்கான்! நான் ஆசிட்ல முக்கி எடுத்தா... மேடெல்லாம் கரைஞ்சு... கண்ணாடி! அதப் பாத்து நீங்க மீசை ஒதுக்கிக்கலாம்.

என்னது? வெள்ளிக்கிழமைச் சரக்கு மட்டும்தான் உடையுதா? ஆங்! மாட்டினானா! ஜெர்வே! எஃகக் காய்ச்சி எண்ணெயில முக்கிக் கெட்டியாக்கி எனக்கு அனுப்பறானே, அவன் வேலைதான். வியாழக்கிழமை ஊத்திக்கிட்டா மறுநாள் அவனுக்குக் கை நிக்காது.

என்கிட்ட தப்பே நடக்காது மிஸ்யே. கெட்டிப்பட்ட எஃகு ஆசிட்ல முங்கினா ஹைட்ரஜனக் குடிச்சிரும். உடனே அடுப்புல வச்சு வாட்டி வெளியேத்தணும். உடனேன்னா உடனே! வாட்டாம அப்படியே போட்டு வச்சா அவ்வளவுதான், பிஸ்கட் மாதிரி நொறுங்கும்.

அட, இன்னொரு துண்டு எடுத்துக்கங்க, கூச்சப்படாதீங்க. முட்டைக்கோஸ் இலையில சுத்துன எங்க ஊர் சாசேஜ். வெள்ளிக்கிழமைன்னா இது இல்லாம பட்டறை ஓடாது. வெளிய நெருப்பு மூட்டிச் சாம்பல்ல பொதைக்கறதுதான் மொறை. இந்த ஊர் மழையில வாராவாரம் எங்க மூட்டறது?

எங்க சுட்டேனா? அதோ, அந்த அடுப்புலதான். தங்கமான அடுப்பு! சூடு ஒரு இம்மி ஏறாது, எறங்காது... ஸ்பிரிங்கா? அதுங்க பாட்டுக்குத் தட்டுல உக்காந்திருக்கும், பாவம். சாசேஜ் வெந்து, சாப்பிட்டு, காப்பி குடிச்சு, பிளம் சாராயம் ஒரு மொடக்கு... ஜெர்வேகூட வருவான், மூக்கு முட்டத் தின்னுட்டு ஒரு ஆட்டம் சீட்டு போடுவான். அப்புறமா சாயங்காலம் மெதுவா வாட்டி...

ஏன் முள்கரண்டியக் கீழ வச்சிட்டீங்க?

என்ன மிஸ்யே... ஏன் அடுப்பையே பாக்கறீங்க...

அட கடவுளே!

எந்திரிங்க, எந்திரிங்க! இன்னைக்குச் சரக்கு இப்பதான் தொட்டிய விட்டு வந்துச்சு, இன்னும் ஈரம்கூடக் காயல! அந்தக் கையுறைய எடுங்க... ரெண்டாவது சாசேஜ் உள்ள இருக்கு... வேகலன்னா நாசமாப் போகட்டும், வெளிய இழுங்க! தட்டு... ஸ்பிரிங் தட்டத் தள்ளுங்க உள்ள! ஹப்பா...

மிஸ்யே, உங்க காலப் புடிச்சிக் கேக்கறேன். வேலைய அடுத்த ஊர்க்காரனுக்கே குடுத்தாலும் குடுங்க... ஜெர்வேகிட்ட மட்டும் சொல்லிராதீங்க!