கூடையில் கிடக்கும் சட்டை

— இந்த மெசேஜை அனுப்புனது மாடியிலதான்னு கீழ பில் போடுறவரு சொல்லிட்டாரு. இனி மாத்திப் பேசாத ஆத்தா.

— மாத்திப் பேசலங்கய்யா. அனுப்புனது நாந்தான். எம்பேரு ஜெபஷீலா, இந்த ஜவுளிக்கடையோட கம்ப்யூட்டர் வேலையெல்லாம் நாந்தான் பாக்குறேன். மொதல்ல உக்காருங்க. இந்தப் பக்கம் ஃபேன் காத்து வரும்.

— உக்கார வரல. அவன் பேரைச் சொல்லு, போயிர்றேன்.

— எவன் பேருங்கய்யா?

— எம்மக எவனுக்கோ சட்டை எடுத்தாள்ல, அவன் பேரு.

— எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்க யாரு, எந்த ஊருன்னு சொன்னீகன்னா...

— ஓடைப்பட்டி. ராக்கப்பன். திராட்சைத் தோட்டம் வச்சிருக்கேன். மக வேல்விழி, சின்னமனூருக்குக் கம்ப்யூட்டர் படிக்கப் போயி வந்தா. வீட்டுக்கு ஒரே செல்லு, அது என் இடுப்புலதான் இருக்கும். அந்த நம்பரைத்தான் உங்ககிட்டக் குடுத்திருக்கா.

— என்ன வந்துச்சுன்னு காட்டுங்க.

— நீ எழுதுனது உனக்குத் தெரியாதாக்கும். இந்தா, படி. டீக்கடையில ஒச்சாண்டி படிச்ச மாதிரியே சத்தமாப் படி.

— 'வேல்விழி, மனசுக்குப் பிடிச்சவருக்கு நீங்க ஆசையா எடுத்து வச்ச சட்டை கூடையிலயே கெடக்கு. அவரு காத்துக்கிட்டு இருப்பாரு. வெரசா வாங்க.' அய்யா, இது எல்லாருக்கும் போறதுதான். நெட்டுல நம்ம கடைத் துணியப் பாத்துக் கூடையில போட்டுட்டு வாங்காமப் போயிர்றாகள்ல, அவுகளுக்கு மூணு நாளைக்கொருக்கா சிஸ்டமே அனுப்பிவிடும். சேலைன்னா ஒண்ணு, ஆம்பளைத் துணின்னா இது. மொட்டையா எழுதுனா எவன் திரும்பி வருவான், நெஞ்சைத் தொடுற மாதிரி எழுதும்மான்னு மொதலாளி சொன்னாக. எழுதுனேன். நெறையப் பேரு திரும்பி வந்தாக.

— தொட்டுச்சு ஆத்தா. நல்லாவே தொட்டுச்சு.

— இதை எதுக்குங்கய்யா டீக்கடையில படிக்கக் குடுத்தீக?

— தமிழா இருந்தா எழுத்துக்கூட்டியாச்சும் படிச்சிருப்பேன். நீ இங்கிலீசு எழுத்துலல்ல போட்டு விட்டிருக்க. தோட்டத்துக் கரண்டு ஆபீசுல இருந்து வந்துருக்காக்கும்னு ஒச்சாண்டிகிட்ட நீட்டுனேன். கடைக்கே கேக்குற மாதிரி படிச்சான். உம்மகளுக்கு வந்துருக்குண்ணே, பேரு போட்டுருக்குன்னான். பதினஞ்சு பேரு இருந்தாக அங்கன. ஒருத்தரும் சிரிக்கல, கேட்டுக்க. சிரிச்சிருந்தாக்கூடத் தேவலை.

— வீட்டுக்குப் போயி அவகிட்டக் கேட்டீகளா?

— கேக்கல. அடிச்சேன். அடிச்சுட்டுத்தான் அவ பையைக் கொட்டிப் பாத்தேன். ரெண்டு நாளாக் கொடியில காணாமப் போன என் பழைய சட்டை உள்ள மடிச்சுக் கெடந்துச்சு. அப்பன் சட்டையைக்கூடத் திருடிக் குடுக்குற அளவுக்கு எவன்டி அவன்னு மறுபடியும் அடிச்சேன்.

— அவ ஒண்ணும் சொல்லலையா?

— அப்பா, அப்பான்னா. அடி வாங்குறவ வேற என்ன சொல்லுவா? படிச்சது போதும், வாற வெள்ளிக்கெழமை கம்பத்துல எங்கக்கா மகன் கர்ணனுக்குக் கட்டி வைக்கிறேன்னு சொல்லிட்டுத் தோட்டத்துக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா, மருந்தைக் குடிச்சுட்டுக் கெடக்கா.

— ஏசப்பா. இப்ப எந்த ஆஸ்பத்திரியில இருக்கா?

— பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு நாலு நாளாச்சு.

— அய்யா...

— காரியத்தன்னிக்கும் வந்துச்சு உன் மெசேஜ். நேத்தும் வந்துச்சு. இன்னும் கெடக்குதாம், வெரசா வரணுமாம். எங்கிட்டு இருந்து வருவா?

— மன்னிச்சிருங்கய்யா. நான் யோசிக்காம எழுதிட்டேன்.

— உன்னைக் கும்பிடவும் வரல, வையவும் வரல. எம்மக சாவுக்கு ஒருத்தன் காரணம். துக்கத்துக்குக்கூட எட்டிப் பாக்காத பய. அவன் பேரு உன் பொட்டிக்குள்ள இருக்கு. அதைச் சொல்லு.

— சொன்னா என்ன செய்வீக? அந்த மஞ்சப்பையை ஏன் இறுக்கிப் பிடிச்சிருக்கீக?

— அது எஞ்சோலி.

— அப்ப நான் சொல்லமாட்டேன். இன்னொரு வீட்டுலயும் எழவு விழுக நான் காரணமாக மாட்டேன். மொதல்ல அந்த மெசேஜை நிறுத்துறேன், நம்பரைச் சொல்லுங்க. ம்... கடைசி நாலு? இந்தா, வந்துருச்சு. வேல்விழி, ஓடைப்பட்டி...

— ஏன் நிப்பாட்டிட்ட?

— ஒண்ணுமில்லங்கய்யா. யாரு பேரும் இல்ல. நீங்க வீட்டுக்குப் போங்க.

— பொட்டியை ஏன் அந்தப் பக்கம் திருப்புற? பொய் சொல்லி உனக்குப் பழக்கமில்ல ஆத்தா. படி.

— வேணாங்கய்யா.

— என் ஒத்தப் பிள்ளையைத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கிறேன். படின்னா படி.

— யாருக்குன்னு கேட்ட எடத்துல, ராக்கப்பன்னு போட்டிருக்கு.

— அது வீட்டு விலாசத்துக்குப் போட்டிருப்பா. கட்டிக்கப் போறவன் பேரை எந்தப் பொம்பளப்பிள்ளை வெளிய எழுதும்? சட்டை அளவைச் சொல்லு. ஊருல அந்த அளவுக்கு எவன் இருக்கான்னு நான் பாத்துக்கிறேன்.

— அளவு போடலங்கய்யா. அதான் வாங்காமப் போயிருக்கா. அந்தக் கட்டத்துல எழுதி வச்சிருக்கா, 'எங்கப்பாவோட பழைய சட்டை ஒண்ணை எடுத்து அளந்து பாத்துட்டு, நாளைக்கு வந்து சொல்றேன்.'